குளத்தங்கரைப் பிளாஸ்டிக் புல்லும் ஈசானிய வாட்டமும்

அன்றைக்கு வெள்ளானூர் வீட்டின் பின்பக்கம் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் பழனிவேல் ஐயா, அம்பத்தூரில் ஒற்றை லேத் மெஷினில் ஆரம்பித்து அதைக் கம்பெனி ஆக்கியவர். அவர் மனைவி சாந்தி அம்மா. எங்கள் செயற்கைப் புல் கம்பெனியின் முதலாளி டேனியல் சார். புல் வெட்டுகிற ரியாஸ், பூந்தமல்லிக்காரன். அப்புறம் சைட் சூப்பர்வைசர் என்ற பெயரில் நான். இருக்க வேண்டியவர்களில் இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் வாஸ்து பார்த்துக் கொடுத்த ஜகந்நாதன். ராகு காலம் முடியாமல் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டார். இன்னொருத்தி லட்டு. ஆறு வயது லேப்ரடார் நாய். அவளை மாடியில் கட்டிப் போட்டிருந்தார்கள். அவளை வீட்டில் வைத்துக்கொள்வதா, பெரியபாளையம் பக்கம் ஒரு மாந்தோப்புக்குக் காவலுக்கு அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யத்தான் நாங்கள் கூடியிருந்தோம். விசாரணையின்போது குற்றவாளி எதிரில் இருக்கக்கூடாது என்பது பழனிவேல் ஐயாவின் கட்சி. முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடுமாம்.

இதை இப்போது எழுதக் காரணம், பழைய கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் யாரும் நீக்கவில்லை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருந்தார்: நீச்சல் குளம் இருக்கிற வீடு, நாயும் இருக்கிறது, செயற்கைப் புல் போட வாட்டம் எந்தப் பக்கம் விடவேண்டும் என்று. தண்ணீர் ஓடுவதற்காகத் தரையில் விடும் சரிவைத்தான் எங்கள் தொழிலில் வாட்டம் என்போம். குளத்துக்கு எதிர்ப்பக்கம் என்று ஒரு வரியில் பதில் அனுப்பினேன். அனுப்பிவிட்டுப் பார்த்தால், அது பாதி உண்மை என்று தோன்றியது. மீதிப் பாதி வாய்ஸ் மெசேஜில் அடங்காது.

நான் ரிட்டயர் ஆனவன் என்றால் சிரிக்கிறார்கள். வயது முப்பத்திரண்டுதான். எட்டு வருஷம் கிரஷர் பவுடர் என்கிற கல் தூள் மேல் மண்டியிட்டு மண்டியிட்டு இரண்டு முட்டியும் அறுபது வயதை எட்டிவிட்டன. இனிமேல் மண்டி போடக்கூடாது, கோயிலில்கூட நின்றுகொண்டே கும்பிடு என்றார் டாக்டர். இப்போது ஒரு கிடங்கில் நாற்காலி வேலை.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா எஸ்டேட்டில் லோடு ஏற்றி இறக்கியவர், சம்பள நோட்டில் கைநாட்டு வைத்தவர். நான் டிப்ளமோ சிவில் முடித்தபோது, என் பையன் பாலம் கட்டுவான் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்தார். பாலம் கட்டுகிறவர்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கோவில்பதாகையில் ஒரு சின்ன ஆபீஸ் வைத்திருந்த டேனியல் சார் கூப்பிட்டார். மாடு தின்னாத புல்லை விரிக்கப் போனேன். முதல் வருஷம் கத்தி பிடிக்கவும், பசை தடவவும், புல்லின் முனை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கையால் தடவிக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொண்டேன். இரண்டாம் வருஷம் சூப்பர்வைசர் ஆனேன். வேலை அதேதான். கூடுதலாகக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் உண்டு: அடித்தளம் முறைப்படி, வாட்டம் முறைப்படி, உத்தரவாதம் ஐந்து வருஷம். அதன் கீழே டிப்ளமோ படித்தவன் கையெழுத்து இருந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு தெம்பு. எங்கள் வீட்டில் பேனாவால் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான் என்பதால் அந்தப் பெருமையில் எங்கே நீட்டினாலும் போட்டுக்கொண்டிருந்தேன்.

டேனியல் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எட்டு வருஷத்தில் அவர் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. என்ன கேட்டாலும் "பண்ணிடலாம் சார்." பாறை மேல் புல் வேண்டுமா, பண்ணிடலாம். சுவரில் வேண்டுமா, பண்ணிடலாம். ஆவடியில் ஒருவர் கார் நிறுத்தும் இடத்தில் புல் போட்டு அதன்மேல் லாரி நிறுத்த வேண்டும் என்றார், அதற்கும் பண்ணிடலாம். பதில் சொல்லவே முடியாத கேள்வி வந்தால் அவரிடம் வேறொரு முறை உண்டு. "நல்ல கேள்வி சார்" என்பார். உடனே குனிந்து, காலடியில் இருக்கும் புல்லை உள்ளங்கையால் மெதுவாகத் தடவ ஆரம்பிப்பார், குழந்தைக்குத் தலை வாரிவிடுவதுபோல. பார்க்கிறவரும் குனிந்து தடவுவார். இரண்டு பேரும் நிமிரும்போது கேள்வி என்னவென்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்காது. புல் விரிக்காத வெறும் தரையிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். மண்ணைத் தடவினார். அதுவும் பலித்தது.

வெள்ளானூர் வேலை தை மாதம் வந்தது. பின்பக்கம் புதிதாக நீச்சல் குளம் கட்டியிருந்தார்கள். பழனிவேல் ஐயாவுக்கு முதுகுவலி. தினமும் காலையில் நீந்தச் சொல்லி டாக்டர் உத்தரவு. குளத்தைச் சுற்றி இருந்த ஆயிரத்துச் சொச்சம் சதுர அடிக்கும் செயற்கைப் புல். லட்டு ஓடியாட வேண்டும், படுத்துப் புரள வேண்டும், ஒன்றுக்கும் இரண்டுக்கும் அங்கேயே போக வேண்டும், ஆனால் நாற்றம் வரக்கூடாது என்பது சாந்தி அம்மாவின் நிபந்தனை. பிள்ளை இல்லாத வீடு. லட்டு பிறந்து நாற்பது நாளில் அவர் மடிக்கு வந்தவள்.

இது முடியாத காரியம் இல்லை. நாய் வீட்டுக்கு என்று தனிப் புல் உண்டு. அடிப்பாகத்தில் நாலு அங்குலத்துக்கு ஒரு ஓட்டை இருக்கும், ஈரம் கீழே இறங்கிவிடும். புல்லுக்கு நடுவில் மணல் தூவினால் அது மூத்திரத்தைக் குடித்துக்கொண்டு வெயிலில் திருப்பிக் கொடுக்கும். அதனால் மணலுக்குப் பதில் வாடையை உறிஞ்சும் ஒருவகைக் கல் பொடியைத் தூவ வேண்டும். ஆனால் இதெல்லாம் மேல் வேலை. உயிர் கீழே இருக்கிறது. மண்ணை நாலு அங்குலம் வெட்டி எடுக்கணும். முக்கால் ஜல்லி ஒரு அடுக்கு, அதன்மேல் கிரஷர் பவுடர் ஒரு அடுக்கு, தண்ணீர் தெளித்து மெஷின் வைத்து இடிக்கணும். மூலைக்கு மூலை நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் எடுக்கணும். குளம் இருந்தால் அந்த வாட்டம் குளத்தைவிட்டு விலகிப் போகணும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போகும் என்பதை நம்பினால் போதும்.

முதல் நாள் நான் குளத்தின் ஓரத்திலிருந்து மேற்குச் சுவர் வரை நூல் கட்டினேன். சுவர் ஓரம் ஏற்கெனவே மழைத்தண்ணீர்க் கால்வாய் இருந்தது. கடவுளே பார்த்துக் கொடுத்த வசதி. இரண்டாம் நாள் ஜகந்நாதன் வந்தார். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் ரிட்டயர் ஆகி வாஸ்துவுக்கு வந்தவர். பைல் பார்க்கும் பார்வை இன்னும் போகவில்லை. என் நூலைப் பார்த்தார். யார் கட்டினது என்று கேட்டார். நான்தான் என்றேன். என்ன படிச்சிருக்கே என்று கேட்டார். சொன்னேன். அதான் என்றார்.

அவர் சொன்னது இதுதான்: மனையில் கன்னி மூலை உயர்ந்து நிற்க வேண்டும், ஈசானிய மூலை தாழ்ந்திருக்க வேண்டும், தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்குத் தண்ணீர் ஓடினால் அந்த வீட்டில் பணமும் அப்படியே ஓடிவரும். குளம் ஈசானியத்தில் இருந்தது. அவரே குறித்துக் கொடுத்த இடம். ஆகவே புல்லின் வாட்டம் குளத்தைப் பார்த்து இருக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன். டேனியல் சார் என் காலை மிதித்துக்கொண்டே, பண்ணிடலாம் சார் என்றார்.

பழனிவேல் ஐயா தொழிலில் ஒரு முடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவர். அவரிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன். வாட்டம் இப்படி இருந்தால் லட்டு போவதெல்லாம் குளத்துக்குப் போகும் என்றேன். அதுக்குத்தான் வாடை வராத பொடி போடுறீங்களே தம்பி என்றார். பொடி வாடையைத்தான் பிடிக்கும், தண்ணீரைப் பிடிக்காது என்றேன். நல்லா போடுங்க, ரெண்டு மூட்டை சேர்த்தே போடுங்க என்றார்.

அன்று சாயங்காலம் நான் நூலை அவிழ்த்து மாற்றிக் கட்டும்போது ரியாஸ் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டான்: "இன்னா இன்ஜினீரு, நாய் அங்க கால மடக்குனா ஐயா இங்க வாய் கொப்புளிக்கணுமா? உன் டிப்ளமோல இதுக்கு இன்னா போட்டுக்கீது?"

டிப்ளமோவில் இதற்கு ஒன்றும் போடவில்லை. பத்தடிக்கு ஒன்றரை அங்குலம், சுத்தமாக, ஒரு குண்டு குழி இல்லாமல், நேராகக் குளத்தைப் பார்த்து வாட்டம் எடுத்தேன். தப்பான வேலையை அவ்வளவு சரியாக நான் செய்ததே இல்லை. குளத்துக் கரைக்கல்லும் புல்லும் ஒரே மட்டம் வேண்டும் என்றார்கள், அதையும் செய்தேன். சுருளை விரித்து, முனைகள் எல்லாம் வீட்டைப் பார்த்துச் சாயும்படி போட்டு, ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்டு, ரியாஸ் விளிம்பு வெட்ட, நான் இணைப்பு நாடாவில் பசை தடவி ஒட்டினேன். தாளை நீட்டினார்கள். வாட்டம் முறைப்படி என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

போட்டு ஒரு வாரத்தில், ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய ஆர்டர் பழனிவேல் ஐயாவுக்குக் கிடைத்தது. அதன்பிறகு அந்த வாட்டத்தைப் பூஜை அறையில் வைக்க முடியவில்லையே என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை.

பிரச்சனை மாசியில் ஆரம்பித்தது. நீந்தி எழுந்தால் கண் சிவந்தது. குளத்துப் பக்கம் போனாலே மூக்கில் ஏறும் ஒரு நெடி. குளத்துக்கு மருந்து போடுகிறவர் குளோரின் போதவில்லை என்று அதிகம் போட்டார். மூத்திரமும் குளோரினும் சேர்ந்தால் நெடி கூடத்தான் செய்யும். அவர் இன்னும் அதிகம் போட்டார். தண்ணீரை இறைத்துவிட்டு லாரித் தண்ணீர் நிரப்பினார்கள். பதினைந்து நாளில் பழையபடி. இதில் எங்கள் கம்பெனியின் பங்கும் உண்டு. நாய் வீட்டுக்கு நாங்கள் கொடுக்கும் பராமரிப்புக் காகிதத்தில், தினமும் ஹோஸ் பைப் பிடித்துப் புல்லைக் கழுவவும் என்று இருக்கும். சாந்தி அம்மா எழுதியிருப்பதைத் தவறாமல் செய்கிறவர். காலையும் மாலையும் கன்னி மூலையில் ஆரம்பித்து ஈசானியம் வரை கழுவிவிட்டார்.

பழனிவேல் ஐயா தானாக ஒரு முடிவுக்கு வந்தார்: லட்டு ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குளத்தில் இறங்கிப் போகிறாள். கேமரா வைத்தார். மூன்று வாரப் படத்தை உட்கார்ந்து பார்த்தார். லட்டு குளத்துப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். எப்போதும் கன்னி மூலையில் ஒரே இடம், அரசாங்க ஊழியர் மாதிரி நேரம் தவறாமல். அப்படியும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. கரண்ட் போகும்போது போகிறாள் என்றார். அதன்பிறகுதான் மாந்தோப்புப் பேச்சு வந்தது. தோப்புக்காரர் ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்து வருவதாகச் சொல்லியிருந்தார். சாந்தி அம்மா சண்டை போட்டுப் பார்த்து, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்து, கடைசியில் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்தார். புல் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம் என்று வீட்டுக்காரரை ஒப்புக்கொள்ள வைத்திருந்தார். அதுதான் அந்தச் சித்திரை வெள்ளிக்கிழமைக் கூட்டம்.

வருகிற வழியில் வண்டியில் டேனியல் சார் எனக்குப் பாடம் எடுத்தார். குளத்து மருந்துக்காரர் மேல் போடலாம், லாரித் தண்ணீர் மேல் போடலாம், வெயில் மேல் போடலாம், நாய் மேல் போட்டால் இன்னும் நல்லது. வாட்டம் என்ற வார்த்தை மட்டும் வரக்கூடாது. வந்தால் ஐந்து வருஷ உத்தரவாதம் நம் தலையில் விழும். தாளில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்பதை ஞாபகம் வைத்துக்கொள் என்றார். ஞாபகம் இருந்தது.

மாடியில் லட்டு அழுதுகொண்டிருந்தாள். குரைக்கவில்லை. சின்னதாக ஒரு ஊளை, நடுநடுவே ஒரு இடைவெளி, யாராவது பதில் சொல்வார்களா என்று கேட்பதுபோல. சாந்தி அம்மா கையில் ஹோஸ் பைப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். அதில் தண்ணீர்கூட வரவில்லை. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஒரு பக்கெட் தண்ணீரும் துணிக்குப் போடும் சொட்டு நீலமும் கிடைக்குமா என்று கேட்டேன். டேனியல் சார் என்னைப் பார்த்த பார்வையில் அந்த மாதச் சம்பளம் இருந்தது.

பாதிப் பாட்டில் நீலத்தைப் பக்கெட்டில் கலந்தேன். கன்னி மூலையில், லட்டுவின் வழக்கமான இடத்தில், மெதுவாக ஊற்றினேன். புல்லுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை, உள்ளே இறங்கிவிட்டது. பின்னாலேயே இரண்டு பக்கெட் வெறும் தண்ணீர். ரியாஸ் குளத்துக் கரையில் குந்தி உட்கார்ந்தான். நாங்கள் காத்திருந்தோம். டேனியல் சார் வராத போனை எடுத்துப் பேசினார். பழனிவேல் ஐயா வாட்சைப் பார்த்தார். ஒன்பது நிமிஷம் ஆகியிருக்கும்.

"வந்துகினு கீது, இன்ஜினீரு" என்றான் ரியாஸ்.

கரைக்கல்லின் இடுக்கிலிருந்து ஒரு நீல நூல் இறங்கிக் குளத்துக்குள் விரிந்தது. அடுத்த இடுக்கில் இன்னொன்று. பிறகு வரிசையாக எல்லா இடுக்கிலும். இவ்வளவு ஒழுங்காக வாட்டம் எடுத்தவன் யார் என்று எவராவது கேட்டிருந்தால் பெருமையாகக்கூட இருந்திருக்கும்.

நான் சொல்லிவிட்டேன். லட்டு மேல் தப்பில்லை, வாட்டம் தப்பு, தப்பு என்று தெரிந்தே எடுத்தேன், முறைப்படி என்று கையெழுத்தும் போட்டேன், செலவு கம்பெனியைச் சேர்ந்தது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். ஈரம் எப்படி ஓட்டை வழியாக இறங்குகிறது, இடித்த பவுடர் எப்படித் தண்ணீரை உள்ளே விடாமல் மேலேயே ஓடவிடுகிறது, குளோரினோடு என்ன சேர்ந்தால் என்ன நெடி வரும், எல்லாம். கால் மணி நேரம் பேசியிருப்பேன். குச்சியால் தரையில் படம்கூடப் போட்டேன்.

பழனிவேல் ஐயா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, புரியுது தம்பி என்றார். தண்ணீர் இந்தப் பக்கம்தான் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாட்டம் போட்ட ஏழாம் நாள் ஆர்டர் வந்தது. அதில் நான் கை வைக்க மாட்டேன். போவதற்கு நாய் இல்லை என்றால் வாட்டம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? மாந்தோப்பில் அதுக்கு ஏசி மாதிரி நிழல்.

டேனியல் சார் முகத்தில் ரத்தம் திரும்பியது. நல்ல பாயிண்ட் சார் என்று குனிந்து புல்லைத் தடவ ஆரம்பித்தார். பழனிவேல் ஐயாவும் குனிந்தார். மேலே லட்டுவின் ஊளை நின்றுபோயிருந்தது. அப்போதுதான் சாந்தி அம்மா பேசினார். சத்தமே இல்லை, சந்தேகம் கேட்கிற குரல்.

"அப்போ என்னங்க, இந்த நாலு மாசமா நான் ரெண்டு வேளையும் நாய் மூத்திரத்தைக் கழுவிக் கழுவி ஈசானிய மூலையிலயா சேர்த்துட்டிருந்தேன்?"

பழனிவேல் ஐயா குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"தெருப் பூனை ராத்திரி வருது, காக்கா வருது. லட்டு போனாலும் வாட்டம் போகாதே. எது எங்க போனாலும் ஈசானியத்துக்குத்தானே வரும்?"

அவர் மெதுவாக நிமிர்ந்து குளத்தைப் பார்த்தார். அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த குளம்தான். இப்போதுதான் அதில் மூத்திரம் தெரிந்தது. போன மாதம் மெஷின் பழுதானதைச் சொன்னார். வரி நோட்டீஸ் வந்ததைச் சொன்னார். மச்சான் பேச்சை நிறுத்தியதைச் சொன்னார். எல்லாம் மாசிக்குப் பிறகு. ஆர்டரைக் கொண்டுவந்த அதே வாட்டம் இவ்வளவையும் கொண்டுவந்திருக்கிறது. ஜகந்நாதனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

விஷயத்தைக் கேட்ட ஜகந்நாதன் மூன்று நொடி எடுத்துக்கொண்டார், அதற்குமேல் இல்லை. "நான் அன்னிக்கே சொன்னேனே. சுத்த ஜலம் ஈசானியம், அசுத்த ஜலம் வாயு மூலை. கவனிக்கலையா?" எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை. நேரில் வந்து திசை குறித்துத் தருவதாகவும், அது தனி விசிட் என்றும் சொன்னார். வாயு மூலை என்பது வடமேற்கு. மேற்குச் சுவர் கால்வாய் போய்ச் சேருகிற இடம். நான் முதல் நாள் நூல் கட்டிய அதே திசை.

பழனிவேல் ஐயா டேனியல் சாரிடம் எல்லாவற்றையும் பெயர்த்து மாற்ற முடியுமா என்று கேட்டார். என்ன பதில் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. சாந்தி அம்மா அதற்குள் மாடிப்படி ஏறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம் என்று தோப்புக்காரருக்குப் படியிலிருந்தே போன் பேசுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் லட்டு மாடியிலிருந்து உருண்டு வந்து, எங்களை ஒவ்வொருவராக மோந்து பார்த்துவிட்டு, எல்லோரையும்விட டேனியல் சாரையே அதிகம் நக்கினாள். நாய்க்கு மனிதர்களைத் தெரியும் என்பார்கள். அன்றிலிருந்து நான் அதை நம்புவதில்லை.

எனக்கு ஒரு கடமை பாக்கி இருந்தது. பழனிவேல் ஐயாவைத் தனியாகப் பிடித்து, இது எங்கள் தப்பு, உத்தரவாதத்தில் வருகிற வேலை, நீங்கள் ஒரு பைசா தரக்கூடாது என்று இன்னொரு முறை சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார். "தம்பி, நீங்க சின்னப் பையன். இது தோஷம். இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல, மனசுல வெச்சுக்காதீங்க." கண் கலங்கியிருந்தது அவருக்கு. குளோரினாகவும் இருக்கலாம்.

திரும்பும்போது முத்தாபுதுப்பேட்டை தாண்டும்வரை டேனியல் சார் தேவையில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு சொன்னார்: "உண்மையைச் சொல்லுடா, நான் வேணாங்கலை. எவனும் நம்ப மாட்டான், அதுதான் நம்ம பொழப்பு." மறுநாள் அவர் தயாரித்த மதிப்பீட்டில் பழுதுபார்ப்பு என்ற வார்த்தையே இல்லை. தலைப்பு: வாஸ்து கரெக்ஷன் வேலை. ஒரிஜினல் வேலையைவிடச் சதுர அடிக்குப் பதினைந்து ரூபாய் குறைவு. தெரிந்தவர் என்பதால் சலுகையாம். என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். இந்தத் தடவை வாட்டம் உண்மையிலேயே முறைப்படி என்பதால், போட்டேன். தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்னி வெயிலில் அத்தனை புல்லையும் பெயர்த்துச் சுருட்டினோம். பவுடரைக் கொத்திக் கிளறி, திரும்ப நூல் கட்டி, திரும்ப இடித்து, குளத்துக்கும் புல்லுக்கும் நடுவில் மேலே கம்பி ஜாலி மூடிய ஒரு கால்வாய் வைத்தோம். புல் தோசைக்கல்லாகக் கொதித்தது. லட்டுவின் கால் தாங்குமா என்று பார்க்கச் சாந்தி அம்மா மத்தியானம் வெறுங்காலில் நடந்து பார்ப்பார். பாதி தூரம் வந்ததும் ஓட ஆரம்பிப்பார். ஒரு நிழல் வலை கட்டிக் கொடுத்தோம். என் முட்டிகள் அந்த வேலையோடு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டன.

வேலை முடிந்ததும் தோஷம் கழிக்க ஈசானியத்தில் ஒரு ஹோமம். செங்கல் அடுக்கித்தான் வைத்தார்கள். ஆனால் தீப்பொறிக்கு எல்லை கிடையாது. பொறி விழுந்து கரைக்கல் ஓரம் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் புல் உருகிக் கறுத்துக் கட்டியானது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் கிளம்பியதும், தோஷம் வெளியேறுகிறது என்று ஜகந்நாதன் விளக்கினார். மறுநாள் ரியாஸ் அந்த இடத்தை வெட்டி ஒட்டுப்போட்டான். "மாமே, ஹோமத்துக்கு கேரண்டில இடம் கீதா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வெட்டினான்.

போன மாதம் ஒரு இணைப்பு லேசாகத் தூக்குகிறது, என்ன பசை வாங்குவது என்று கேட்கச் சாந்தி அம்மா போன் செய்தார். குளத்தில் நெடி இல்லை, ஐயா தினமும் நீந்துகிறார், முதுகுவலி மட்டும் அப்படியே இருக்கிறது என்றார். லட்டு எப்படி என்று கேட்டேன். சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் முறை போட்ட புல்லில் லட்டு ஒருநாள்கூடப் போகவில்லையாம். காலையும் மாலையும் கேட்டைத் திறந்துவிட்டால் எதிர் காலி மனையில் கொட்டியிருக்கும் மணல் மேட்டுக்குப் போய்விட்டு வந்து, புல்லில் படுத்துத் தூங்குகிறாள். அந்த மனையின் வாஸ்து என்ன ஆகும் என்று ஐயா கவலைப்படவில்லை, அது வேறு ஒருவருடையது.

மொத்தம் எவ்வளவு ஆச்சும்மா என்று கேட்டுவிட்டேன். ஐயா நோட்டில் எழுதி வைத்திருப்பதாகச் சொல்லி எடுத்துவந்து வாசித்தார். புல் இரண்டு முறை, லாரித் தண்ணீர் மூன்று முறை, ஹோமம், உருகின இடத்துக்கு ஒட்டு, ஜகந்நாதனின் தட்சணை இரண்டு முறை. தட்சணை எப்போதும் ஒன்றில்தான் முடிய வேண்டுமாம், இரண்டு முறை கொடுத்ததால் கணக்கு இரண்டில் முடிந்திருந்தது. மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து இருநூற்று இரண்டு ரூபாய்.